பியெற்றாச் சிறுமியரின் ஆசான் விவால்டி

அன்ரோனியோ விவால்டி 1678 ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தையாரிடம் வயலின் பயின்றார். 1703 இல் குருவானார். ஆனால், பிறப்பிலிருந்தே வருத்திய நெஞ்சிறுக்கத்தால் சில காலத்தில் திருப்பலி ஒப்புக்கொடுப்பதை நிறுத்தினார். அது ஆஸ்துமாவாக இருக்கலாம் என்பது வைத்தியர் பலரின் ஊகம்.

அதே 1703 இல் 'பியெற்றா' என்னும் அநாதை இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகள் அங்கே வளர்ந்தனர். இசைத்திறன் வாய்ந்த சிறுமியருக்கு வயலின் முதல் ஊதுகருவிகள் வரை கற்பிக்கப்பட்டன. கம்பி மறைப்பின் பின்னால், முகம் தெரியாமல் அவர்கள் வாசித்ததைக் கேட்கப் பிறநாட்டாரும் வந்தனர். குடும்பப் பெயரில்லாத அவர்கள் தம் கருவியின் பெயராலேயே அறியப்பட்டனர். 'வயலின் அன்னா மரியா'வுக்கென விவால்டி கடினமான கன்சேர்ட்டோக்களை எழுதினார். எளிதாக்கிக் கொடுக்கவில்லை, அந்தப் பிள்ளைகளால் முடியும் என்று நம்பினார்.

அவர் இயற்றிய கன்சேர்ட்டோக்கள் ஏறத்தாழ 500. அவற்றுள் 1725 இல் அச்சான 'நான்கு பருவங்கள்' உலகப் புகழ் பெற்றது. எனினும் 1741 இல் வியன்னாவில் வறுமையில் இறந்தார்; உலகம் அவரை மறந்தது. 1926 முதல் அவரது கையெழுத்துப் பிரதிகள் கண்டெடுக்கப்பட்டு, ரூரின் நூலகத்தில் சேர்ந்தன.

இன்று அவரது இசையைக் கேட்கும்போது, அதை முதலில் வாசித்த அந்த முகம் தெரியாத மாணவியரையும் நன்றியோடு நினைக்கிறேன்.