அண்ணல் அம்பேத்கரும் ஒரு பாராட்டு விழாவும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், சின்னசேலத்திலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் வாழும் நம் இளைஞர்களின் கைகளில் இம்மலர் தவழவிருக்கிறது. விழா என்றால் பாராட்டு உண்டு. பாராட்டு என்றால் மாலையும் பொன்னாடையும் உண்டு. ஆனால் யாரைப் பாராட்டுவது, எதற்காகப் பாராட்டுவது, எவ்வாறு பாராட்டுவது என்று எண்ணிப் பார்க்கும்போது, நம் நெஞ்சில் முதலில் எழுவது அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவமே. அவர் வகுத்த சட்டத்தையும் நடத்திய போராட்டங்களையும் நாம் அறிவோம். அவர் சிறுவராக இருந்தபோது அவரை இனங்கண்டு கைதூக்கி விட்டவர்களை நாம் அவ்வளவாக அறியோம். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் என்னும் படைமுகாமில், இராம்ஜி சக்பால், பீமாபாய் ஆகியோரின் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். தந்தையார் படையில் சுபேதார் ஆவார்; படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்த பீமராவை அத்தையார் மீராபாய் வளர்த்தார்.

1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அவர் சாத்தாரா அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். மகாராட்டிர அரசு 2017 முதல் அந்நாளை மாணவர் நாளாகக் கொண்டாடி வருகிறது. ஆனால் அன்று அந்தப் பள்ளி அச்சிறுவனைக் கொண்டாடவில்லை. வகுப்பில் அமர்வதற்கு அவர் தம் வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துணியைக் கொண்டு செல்ல வேண்டும். மாலையில் அதை வீட்டிற்கே எடுத்து வந்துவிட வேண்டும். பள்ளியைக் கூட்டும் பணியாள்கூட அதனைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயை அவர் தொடலாகாது. ஆசிரியர் இசைவு தந்தாலும் போதாது; பள்ளியின் பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் அச்சிறுவனுக்குத் தண்ணீர் இல்லை. இந்தக் கொடுமையை அண்ணல் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். ஒரு பள்ளியின் கடைநிலை ஊழியர் ஒரு குழந்தையின் வாழ்வில் எத்துணைப் பெரிய இடம் வகிக்கிறார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே சாத்தாராவில் நல்லுள்ளம் படைத்த ஓர் ஆசிரியரும் இருந்தார். அம்பேத்கர் என்பது அவருடைய குடும்பப் பெயர். தம் உணவில் ஒரு பங்கை நாள்தோறும் அச்சிறுவனுக்கு அளித்தார். அம்பாவடேகர் என்றிருந்த பெயரை மாற்றித் தம் பெயரையே பதிவேட்டில் எழுதினார். அவர் தந்த சோற்றின் சுவையைத் தாம் மறக்கவில்லை என்பதை, உலகறிந்த தலைவரான பின்னரும் அண்ணல் நினைவுகூர்ந்தார். இன்று நம் தெருக்கள்தோறும் ஒலிக்கும் அம்பேத்கர் என்னும் பெயர் ஓர் ஆசிரியரின் அன்பினால் வந்ததாகும்.

பின்னர்க் குடும்பம் மும்பைக்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில் ஒரே ஓர் அறைதான் வீடு. சமையலும் உறக்கமும் படிப்பும் அதற்குள்ளேயே. மகன் முன்னிரவில் உறங்குவார். தந்தை விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு அவரைப் படிக்க எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்மக்களின் நகைகளைக் கேட்டு வாங்கி அடகு வைப்பார். அந்நகைகளைக் கழற்றித் தந்த சகோதரிகளுக்கு எந்த மேடையிலும் மாலை விழவில்லை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, மற்ற மாணவர்கள் அதன் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்களை ஓடிச் சென்று அகற்றினர். சமற்கிருதம் பயில விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டதால் பாரசீகம் பயின்றார்.

இந்நிலையில்தான் நாம் சொல்ல வந்த பாராட்டு விழா நிகழ்ந்தது. ஆங்கிலப் பள்ளியின் நான்காம் வகுப்பில் பீமராவ் தேறினார். பிற சமூகத்தார்க்கு அது கொண்டாடத்தக்க செய்தியன்று. ஆனால் நம் சமூகத்தில் அந்தப் படியை எட்டிய முதற்சிறுவன் அவர் என்பதால், ஊரார் கூடி விழா எடுக்க முனைந்து தந்தையின் இசைவைக் கேட்டனர். இராம்ஜி உறுதியாக மறுத்துவிட்டார்; பாராட்டினால் பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் அச்சம். ஊரார், அவருடைய நண்பரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கரை நாடினர். கேளுஸ்கர் எடுத்துரைக்கவே தந்தை இணங்கினார். கேளுஸ்கரே தலைமை தாங்கினார். தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவனுக்குப் பரிசாக அளித்தார். வாழ்க்கை வரலாறு எழுதியோர் சிலர் இவ்விழாவை 1907ஆம் ஆண்டின் மெட்ரிகுலேஷன் தேர்ச்சியோடு இணைத்துக் கூறுவர். அண்ணலோ நான்காம் வகுப்புத் தேர்ச்சி என்றே எழுதியிருக்கிறார்.

கேளுஸ்கர் வில்சன் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர். பீமராவ் அவர் பள்ளி மாணவர் அல்லர். அவர் சாதியினரும் அல்லர். பூங்காவில் தனித்து அமர்ந்து நூல் படிக்கும் சிறுவனைக் கண்டு, தாமே முன்வந்து நெருங்கியவர் அவர். விழாவோடு தம் கடமை முடிந்தது என்றும் அவர் எண்ணவில்லை. மேற்படிப்புக்கு வழியின்றி நின்றபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் மாணவரை அழைத்துச் சென்று, திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை பெற்றுத் தந்தார். அதனைக் கொண்டு பீமராவ் 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் காலமானார். அதே ஆண்டில் மன்னரின் உதவியோடு அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

உதவித்தொகை உடன்பாட்டின்படி 1917இல் பரோடாவில் பணியேற்றார். மன்னர் மதித்த அவரை அலுவலகம் மதிக்கவில்லை. ஊழியர்கள் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர், குடிநீரும் கிட்டவில்லை, தங்கியிருந்த விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். சில நாள்களிலேயே பரோடாவை விட்டு வெளியேறினார். 1918இல் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதும், ஆசிரியர்களுக்குரிய பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதைச் சிலர் எதிர்த்தனர். மேலே உள்ள ஒருவர் பாராட்டினாலும், அன்றாடம் உடன் பணிபுரிவோர் மதியாவிடில் அப்பாராட்டு நிறைவு பெறாது என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தும். சாத்தாராவில் மறுக்கப்பட்ட அதே தண்ணீருக்காகத்தான் 1927 மார்ச் 20ஆம் நாள் அவர் மகாட் சவுதார் குளத்தில் இறங்கினார்.

தம்மை உயர்த்தியவர்களை அண்ணல் மறக்கவில்லை. தம் பொருளியல் நூல்களில் ஒன்றைப் பெற்றோர் நினைவுக்கும், மற்றொன்றைக் கல்விக்கு உதவிய சாயாஜிராவுக்கும் உரிமையாக்கினார். தீண்டாதார் யார் என்று ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்குப் படைத்தார். அந்நந்தனார் பெயரால் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் கல்விக் கழகம் நிறுவியதை நம் தென்னார்க்காட்டு மக்கள் அறிவர். அண்ணலும் 1945 ஜூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். சிறு வயதில் பரிசாகப் பெற்ற நூலின் நாயகர் பெயரே கல்லூரிக்கு வாய்த்தது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் தழுவியதும் அப்புத்தரின் நெறியையே. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். ஒரு பாராட்டு விழாவில் தரப்பட்ட ஒரு நூல் ஐம்பது ஆண்டுகள் ஒரு மனிதரோடு நடந்து, இலட்சோப இலட்சம் மக்களின் வழியாயிற்று.

இங்கே நம் குறை ஒன்றையும் கூறியாக வேண்டும். பல்லாண்டுகளாக நாம் ஆண்டு விழாக்களில் முதல் மூன்று மதிப்பெண் பெற்றோர்க்கே பரிசளித்து வந்தோம். மலையூர் ஒன்றிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவத்திலும் ஒரு நாள்கூடத் தவறாமல் பள்ளிக்கு வந்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாத தங்கையர் இருவரைத் தன்னருகே அமர்த்திப் படிக்க வைத்தாள். பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அவள் பெயரை நாம் ஒருமுறையேனும் மேடையில் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் அவள் தந்தையிடம் ஒரு கேளுஸ்கரைப் போல நாமும் வாதாடியிருப்போம் அல்லவா? அவ்வெண்ணம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

ஆகவே இளைஞர்களே, சங்க உறுப்பினர்களே, இவ்வெள்ளி விழா ஆண்டிலிருந்து நாம் ஒரு முறையை மேற்கொள்வோம். மதிப்பெண்ணை மட்டும் பாராமல், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் படியேறிய பிள்ளையையும், பின்தங்கிய தோழனுக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்போம். தன் உணவைப் பகிரும் ஆசிரியரையும், முகம் சுளிக்காமல் சோறிடும் சத்துணவு அம்மையாரையும், பள்ளியைத் துப்புரவாக வைத்திருக்கும் பணியாளரையும் அதே மேடையில் ஏற்றுவோம். பொன்னாடைக்குப் பதில் ஒரு நல்ல நூலை வழங்குவோம். விழா முடிந்த மறுநாள் அப்பிள்ளையின் வீட்டிற்குச் சென்று, அடுத்த படிப்புக்கு என்ன வழி என்று கேட்போம். கேளுஸ்கர் செய்தது இவ்வளவே. நம் சேரியிலும் மலையடிவாரத்திலும் இன்று ஏதோ ஓர் ஓரத்தில் அமர்ந்து நூல் படித்துக் கொண்டிருக்கும் பிள்ளையைத் தேடிச் செல்வதே, அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.