இரட்டைமலை சீனிவாசனார் காட்டிய நெறி

நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காகத் தம் வாழ்நாளை ஒப்படைத்த பெரியார் ஒருவரை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அவர் கல்வி பயின்றது நம் கோயம்புத்தூரிலாகும். அவர் படித்த பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களுள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். தம் சாதி தெரிந்துவிட்டால் இழிவு நேருமே என்றஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் பிறர் உடன் வராதவாறு விரைந்து வீடு சேர்வார். ஒத்த வயதினரோடு கூடி விளையாட இயலாத அத்துயரம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் அதனைக் குறித்துள்ளார்.

அத்தனிமை அவரைத் தீய வழியில் செலுத்தவில்லை. இவ்விழிவை நீக்குவது எங்ஙனம் என்ற சிந்தனையையே வளர்த்தது. நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியபின் சென்னை சேர்ந்து, 1893-இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லிப் பிறர் இழித்தனரோ அப்பெயரையே இதழின் தலைப்பாக்கிய நெஞ்சுரம் அவருடையது. பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து தாயகம் மீண்டார்.

1923-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டு நம் மக்களின் நிலையை உலகறியச் செய்தார்.

அவர்தம் தொண்டுகளுள் பலரும் நினையாத ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூடவேண்டும் என்றும் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். இதன் அருமையை நம் மக்களே நன்கு உணர்வர். தோட்டத்திலும் தோப்பிலும் வாரமெல்லாம் உழைத்துப் பெற்ற கூலி, வீடு வந்து சேராமல் கரைந்துபோவது ஓய்வு நாளில் அன்றோ? சாவு வீட்டில் பறை முழக்கியவருக்குக் கூலியோடு சாராயமும் கொடுத்தனுப்பிய வழக்கத்தை நம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். உழைப்புக்கு உரிய பணத்தைக் குறைத்து, அறிவையும் மயக்கி வைத்த வழக்கம் அது. நடக்கும் பாதை திறக்கவேண்டும். குடிகெடுக்கும் கடை மூடவேண்டும். இவ்விரண்டும் சீனிவாசனாருக்கு ஒரே போராட்டமாகும்.

1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்று வருகிறது. மதுவோடு கஞ்சாவும், போதை தரும் மாத்திரையும், வாயில் அடக்கும் புகையிலையும் இன்று மாணவர் கைக்கு எட்டிவிட்டன. 2022 ஆகஸ்டில் பள்ளிகள்தோறும் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்பட்டது. உறுதிமொழி நன்று, எனினும் அது மட்டும் போதாது.

ஆசிரியப் பணியில் நாம் கண்ட உண்மை இது: பெரும்பாலான பிள்ளைகள் போதையை விரும்பித் தேடிச் செல்வதில்லை, தோழமையைத் தேடிச் சென்ற இடத்தில் போதை கிடைக்கிறது. தேர்வில் தோற்றவன், வகுப்பில் அவமானப்பட்டவன், வீட்டில் பேச ஆளில்லாதவன் ஆகியோரே முதலில் சிக்குகின்றனர். பள்ளிக்கு வெளியே தனித்து அமர்ந்த அச்சிறுவனைப் போன்றோர் தொண்டாமுத்தூர் வட்டாரத்திலும் உள்ளனர். அவர்களை யார் முதலில் தோள்தொட்டு அழைக்கிறார்கள் என்பதே கேள்வி. அழைப்பவர் நாமாக இருத்தல் வேண்டும்.

மாலைநேரப் படிப்பகமும் விளையாட்டுத் திடலும் தெருதோறும் அமையட்டும். திருமணத்திலும் துக்கத்திலும் மது வழங்குவதில்லை என ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்யட்டும். ஏற்கெனவே சிக்கியவரைப் பழித்து ஒதுக்காமல், அது நோய் என்றுணர்ந்து அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

சீனிவாசனார் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். அவர் திறந்துவிட்ட பாதையில் நம் பிள்ளைகள் நிலைதடுமாறாது நிமிர்ந்து நடப்பதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.