பெயர் திரிந்த பெரும்புலவர்

ஒருவரை மற்றொருவரினின்று வேறு பிரித்து உணர்த்துவது பெயர். ஒருவர் உலகை நீத்த பின்னரும் அவரை நமக்கு அறிவுறுத்துவது அப்பெயரேயாகும். அதனை ஏட்டில் எழுதுவோர் செவியாலோ கையாலோ சிறிது பிழைத்துவிடின், பின்வருவோர் பெரிதும் மயங்க நேரும். இவ்வுண்மையை ஆங்கில நாட்டு நாடகப் புலவராகிய வில்லியம் ஷேக்ஸ்பியரின் வரலாறு நன்கு விளக்கும்.

இங்கிலாந்தில் ஏவன் ஆற்றங்கரையில் ஸ்டிராட்போர்டு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவர் தோற்கையுறை செய்து விற்று வாழ்ந்தார். 1568ஆம் ஆண்டில் நகரத் தலைவராகவும் உயர்ந்தார். ஆயினும், ஆவணங்களில் அவர் பெயரெழுதிக் கையொப்பம் இடாமல், அடையாளக் குறி ஒன்றையே இட்டுவந்தார். எனவே, அவர் பெயரை எழுதும் பொறுப்பு எழுத்தர்களைச் சார்ந்தது. அவர்களோ தத்தம் செவிக்குப் பட்டவாறு அதனைப் பலவகையாக எழுதிவைத்தனர்.

ஜானின் மைந்தர் வில்லியம், 1564ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அவ்வூர்க் கோவிலில் திருமுழுக்குப் பெற்றார். கோவில் ஏடு இலத்தீன் மொழியில் எழுதப்பட்டமையால், வில்லியம் என்னும் பெயர் அதில் குலியெல்மஸ் என்று காணப்படுகிறது. ஜானுடைய மகன் என்று ஆறாம் வேற்றுமையில் அமைய வேண்டிய தந்தையின் பெயர், பிழையாக எழுவாய் வடிவிலேயே நிற்கிறது. இன்று நமக்குக் கிடைப்பதோ, பழைய ஏட்டைப் பார்த்து 1600ஆம் ஆண்டளவில் எழுதிய படியாகும். ஆகவே, பெரும்புலவரைப் பற்றிய முதற்குறிப்பே பிழையுடன் தொடங்குகிறது.

1582ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், வில்லியம் திருமணம் செய்துகொண்டார். அதற்குரிய இசைவு உஸ்டர் நகரத்துச் சமயத் தலைவரின் அலுவலகத்தில் வழங்கப்பெற்றது. நவம்பர் 27ஆம் நாள் எழுதிய பதிவேட்டில், மணமகள் டெம்பிள் கிராப்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஆன் வேட்லி என்று குறிக்கப்பட்டுள்ளாள். மறுநாள், ஸ்டிராட்போர்டு உழவர் இருவர் நாற்பது பவுனுக்குப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தனர். அதில் மணமகள் ஸ்டிராட்போர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே எனப்படுகிறாள். அவளுடைய தந்தையோ, 1581ஆம் ஆண்டில் எழுதிய தம் இறுதி முறியில் அவளை ஆக்னஸ் என்று குறித்தார். ஆனும் ஆக்னசும் அக்காலத்தில் ஒரே பெயரின் இரு வடிவங்களாக வழங்கின. ஆனால், வேட்லி என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? அதே நாளில் அவ்வலுவலகத்தில் வேட்லி என்னும் குருவானவர் ஒருவரின் வழக்கும் நடைபெற்றது. அப்பெயரை எழுதிய கை, மணமகளின் பெயரை எழுதும்போதும் அதனையே எழுதிவிட்டது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

ஷேக்ஸ்பியர் பின்னர் இலண்டன் மாநகரை அடைந்து, நடிகராகவும் நாடக ஆசிரியராகவும் புகழ் பெற்றார். 1593ஆம் ஆண்டில் அவர்தம் முதல் செய்யுள்நூல் அச்சேறியது. அதில் அவர் பெயர் இன்று நாம் அறிந்த வடிவிலேயே காணப்படுகிறது. ஆயினும், அரசாங்க ஏடுகள் அதனைப் பின்பற்றவில்லை. 1604ஆம் ஆண்டின் இறுதியில் அரசவையில் அவருடைய நாடகங்கள் நடிக்கப்பெற்றபோது, கணக்கெழுதியவர் ஆசிரியர் பெயரை ஷாக்ஸ்பெர்டு என்று எழுதினார். மன்னர் முன்னிலையில் நாடகம் நடந்தது. ஆசிரியர் பெயர் மட்டும் திரிந்துபோயிற்று.

எழுத்தர்களை மட்டுமே குறை கூறுதல் பொருந்துமோ? ஷேக்ஸ்பியர் இட்ட கையொப்பங்களாக அறிஞர் ஒப்புக்கொண்டவை ஆறு. 1612ஆம் ஆண்டு அளித்த சாட்சிய ஏட்டில் ஒன்றும், 1613ஆம் ஆண்டின் வீட்டுப் பத்திரங்களில் இரண்டும், 1616ஆம் ஆண்டின் இறுதி முறியில் மூன்றும் உள்ளன. அவை ஆறும் ஒரே வடிவில் அமையவில்லை. சிலவற்றில் பெயர் சுருங்கியும் நிற்கிறது. அக்காலத்து ஆங்கிலத்தில் சொற்களை எழுதுதற்கு ஒரு நிலையான முறை ஏற்படவில்லை. ஜான்சன் என்பாரின் புகழ்பெற்ற அகராதி வெளிவந்ததே 1755ஆம் ஆண்டிலாகும். எனவே, கற்றோரும் தம் பெயரைப் பலவாறு எழுதுதல் குற்றமாகக் கருதப்படவில்லை.

அவ்விறுதி முறியிலேயே மற்றொரு சான்றும் உண்டு. புலவரின் நண்பர் ஹாம்னட் சாட்லர் என்பவர்க்கு அதில் ஒரு கொடை குறிக்கப்பட்டுள்ளது. அங்கு அவர் பெயர் ஹாம்லெட் என்று உள்ளது. அதே முறியில் சாட்சியாக ஒப்பமிட்ட அவரோ ஹாம்னட் என்று எழுதியுள்ளார். ஒரே ஆவணத்தில் ஒருவர்க்கு இரு பெயர்கள் அமைந்தன.

1616ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ஷேக்ஸ்பியர் இயற்கை எய்தினார். அவர் மறைந்து நெடுங்காலம் சென்றபின், இப்பெயர்த் திரிபுகள் இரு பெரிய மயக்கங்களுக்கு இடந்தந்தன. ஆன் வேட்லி என்பவளைப் புலவரின் உண்மைக் காதலியாகக் கொண்டு, 1909ஆம் ஆண்டில் பிராங்க் ஹாரிஸ் என்பவர் கதை புனைந்தார். வேறு எந்த ஆவணமும் அறியாத ஒரு பெண், ஒரு வரிப் பிழையினால் உயிர் பெற்றாள். இரண்டாவது மயக்கம் இதனினும் பெரிது. ஸ்டிராட்போர்டு ஏடுகளில் உள்ளவர் ஒருவர். நூல்முகப்பில் உள்ளவர் மற்றொருவர் என்று சிலர் வாதிட்டனர். ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுதும் உழைத்து ஆக்கிய செல்வத்தை, எழுத்து வேறுபாட்டைக் காட்டி அவரிடமிருந்து பறிக்க முற்பட்டனர்.

அறிஞர்கள் ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டோடு ஒப்புநோக்கி உண்மையை நிறுவினர். ஸ்டிராட்போர்டு மனிதர் தம் இறுதி முறியில், உடன் நடித்த ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் ஆகிய மூவருக்கும் நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ளப் பொருள் வழங்கினார். அம்மூவருள் ஹெமிங்சும் காண்டெலுமே 1623ஆம் ஆண்டில் ஷேக்ஸ்பியரின் முப்பத்தாறு நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டவர்கள். அத்தொகுப்பின் முகப்புப் பாடல்களுள் ஒன்று, ஸ்டிராட்போர்டில் உள்ள புலவரின் நினைவுச் சின்னத்தையும் சுட்டுகிறது. எழுத்துகள் வேறுபடினும் மனிதர் ஒருவரே என்பது இதனால் தெளிவாகும்.

நம் நாட்டுப் பண்டிதர்களும் அவர் பெயரைத் தமிழ் ஒலிக்கேற்பச் செகப்பிரியர் என்று வழங்கினர். செகம் என்பது உலகம். உலகம் விரும்பும் புலவர் என்னும் பொருளும் அப்பெயரில் இனிதே அமைந்தது. மொழிக்கேற்ப ஒலி மாறுவது இயல்பு. ஆளையே மாற்றிவிடும் பிழையோ தீங்கு பயப்பது. ஆதலின், மாணவர்களே, பிறர் பெயரை எழுதுங்கால் உரியவரைக் கேட்டு எழுதுங்கள். பள்ளிப் பதிவேட்டிலும் பிற ஆவணங்களிலும் உங்கள் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று நீங்களே படித்துப் பாருங்கள். பழைய ஏடுகளை ஆராயும் காலம் வரின், ஒரே ஏட்டை நம்பி முடிவு கூறாது, பல ஏடுகளையும் ஒப்புநோக்கி உண்மை காணுங்கள்.