திண்டிவனத்தில் ஓர் இரவு

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர் அண்ணன், உன் பாலம், கான்கிரீட் எல்லாம் வேண்டாம்ப்பா, இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுது என்றார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

என் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் தளவானூர். மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் குகைக்கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். கோயிலுக்கு ஆயிரத்து முந்நூறு வயசுக்கு மேல். ஆனால் எங்கள் ஆயா காலத்தில் ஊரில் ஒரு டாக்டர் கிடையாது. ஆயா பெற்றது ஏழு, தங்கியது மூன்று. அதைச் சொல்லும்போது அவர் அழுததே இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்பார்.

அந்த நிலைமையை மாற்றப் புறப்பட்டவர்களில் ஒருவருடைய கதை, செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற திண்டிவனத்தில் தொடங்கியது.

ஐடா 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா 1819-லேயே இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர். அப்பாவும் டாக்டர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்குச் சிறுமி ஐடா தன் கையால் ரொட்டி பிய்த்துக் கொடுத்தார். அந்தக் காட்சி தந்த பயமோ என்னவோ, பிறகு அமெரிக்காவுக்குப் போனவர், இனி இந்தியாவே வேண்டாம் என்றிருந்தார்.

1890-ல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர், வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஊருக்குப் போகத் துடித்த இருபது வயதுப் பெண் அன்றோடு மாறிவிட்டார்.

1899-ல் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூருக்கு வந்தார். சில மாதத்தில் தந்தையும் காலமானார். பங்களாவில் ஒரு சின்ன அறைதான் முதல் ஆஸ்பத்திரி. ஒரு அமெரிக்க வங்கி அதிபர் தந்த பத்தாயிரம் டாலரில் 1902-ல் நாற்பது படுக்கை மருத்துவமனை எழுந்தது. நடக்க முடியாதவர்களைத் தேடி, குடியாத்தம் சாலை மரநிழல்களில் வைத்தியம் பார்த்தார். குழந்தைகளும் தொழுநோயாளிகளும் அங்கேதான் வரிசையில் நின்றார்கள்.

நான் இன்ஜினியர் என்பதால் என்னை இழுத்தது அடுத்த விஷயம். ஒரு டாக்டரால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? ஆளை உருவாக்கினால்தான் வேலை நிலைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். 1909-ல் நர்சிங் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1922-ல் 14 பெண்கள் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி. 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானபோது, அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ ஊர்களில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி தங்கைகளே, பட்டம் வாங்கிய அன்று நானும் இனி ஊர்ப்பக்கமே வருவதில்லை என்று நினைத்தவன்தான். சென்னையில் நல்ல வேலை, வீடு எல்லாம் அமைந்தது. ஆயா போனபிறகுதான், அந்த ஏழில் தங்கிய மூன்றில் ஒருவர் என் அம்மா என்பது உறைத்தது. அன்றுமுதல் மாதம் ஒரு ஞாயிறு தளவானூர் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பெரிய காரியமில்லை. ஆனால் அதில் ஒரு பெண் நர்சிங் சேர்ந்திருக்கிறாள்.

சங்க நண்பர்களே, நன்கொடை கொடுக்கிறோம், சந்தோஷம். கூடவே ஆளுக்கு ஒரு பிள்ளையைப் படிக்க வைப்போமா? அடுத்த சந்திப்பில் கணக்குப் பார்ப்போம்.