மண்ணுக்குச் சோறு போட்டவர்: சர் ஆல்பர்ட் ஹோவர்டு

மாட்டுச் சாணம், உதிர்ந்த இலை, களைச்செடி, பருத்திமார், கரும்புச் சோகை.

இவற்றைக் குப்பை என்று ஒதுக்குவோர் உண்டு. அந்தக் குப்பையை முறைப்படி மக்க வைத்து, செத்துக் கிடந்த மண்ணுக்கு உயிர் கொடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டினார் ஒருவர். அவர்தான் சர் ஆல்பர்ட் ஹோவர்டு.

பிறந்தது இங்கிலாந்து. ஆனால் பாடம் படித்தது இந்தியாவில். 26 ஆண்டுகள் இங்கே தங்கி, நம் நாட்டு விவசாயிகளைக் குருவாகக் கொண்டு ஆராய்ச்சி செய்தார். இவர் கண்ட உரம் தயாரிக்கும் முறை "இந்தூர் முறை" என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவியது.

விவசாயி மகன்

ஹோவர்டு 1873-ம் ஆண்டு டிசம்பர் 8-ந்தேதி, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் உள்ள பிஷப்ஸ் காசில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை விவசாயி. ஆடு மாடும், ஏரும், எருக்குழியும் சின்ன வயதிலேயே பழக்கம்.

படிப்பில் கெட்டிக்காரர். லண்டனில் ராயல் விஞ்ஞானக் கல்லூரியிலும், பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் படித்தார். கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறினார். விவசாயத்திலும் பட்டயம் பெற்றார்.

1899-ம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் வேலை கிடைத்தது. பார்படோஸ் தீவில் தங்கி, கரும்பு முதலிய பயிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராயும் உத்தியோகம்.

அங்கேதான் அவர் மனதில் ஒரு உறுத்தல் ஏற்பட்டது. பூதக்கண்ணாடியில் நோயைப் பார்க்கிறோம். விவசாயிக்கு ஆலோசனை சொல்கிறோம். ஆனால் அந்த ஆலோசனையை நாமே செய்து பார்க்க ஒரு துண்டு நிலம்கூட நமக்கு இல்லையே! சொந்தமாகப் பயிர் செய்யாதவன், பயிர் செய்பவனுக்குப் புத்தி சொல்வது என்ன நியாயம்? இந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

1903-ல் இங்கிலாந்து திரும்பி, வை என்ற ஊரின் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தப் பகுதியில் பீர் தயாரிக்க உதவும் ஹாப் கொடிகள் பயிராகின்றன. ஆண் கொடி பயன் தராது என்று விவசாயிகள் அதைப் பிடுங்கி எறிந்து வந்தார்கள். ஆண் கொடியும் தோட்டத்தில் இருந்தால்தான் பெண் கொடி நன்றாகக் காய்க்கிறது, நோயையும் தாங்குகிறது என்று ஹோவர்டு காட்டினார். இயற்கையின் ஏற்பாட்டைக் கலைத்தால் நோய் வரும் என்பது அவர் கற்ற முதல் பாடம்.

பூசாவுக்கு வருகை

1905-ம் ஆண்டு அவர் வாழ்க்கையில் இரண்டு திருப்பங்கள்.

ஒன்று, திருமணம். மணமகள் கேப்ரியல் மத்தாய். அவரும் கேம்பிரிட்ஜில் படித்த தாவர விஞ்ஞானி. பெண்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நுழைவதே அபூர்வமாக இருந்த காலத்தில், இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று ஆராய்ந்து பெயர் பெற்றவர்.

மற்றொன்று, இந்தியாவில் வேலை. பீகாரில் உள்ள பூசாவில் அப்போதுதான் மத்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. அதில் பயிர் விஞ்ஞானியாக ஹோவர்டு நியமிக்கப்பட்டார். கேப்ரியலும் கணவருடன் சரிசமமாக உழைத்தார். 1913-ல் அவருக்கும் அங்கே விஞ்ஞானி பதவி தரப்பட்டது.

பூசாவில் ஹோவர்டு கேட்டு வாங்கியது 75 ஏக்கர் நிலம். இனி தன் ஆலோசனையைத் தானே சோதித்துப் பார்க்கலாம்!

நிலையத்தின் வேலிக்கு வெளியே, கிராமத்து விவசாயிகளின் பயிரை அவர் கவனித்தார். பூச்சி மருந்து கிடையாது. பூஞ்சை மருந்தும் கிடையாது. ஆனாலும் பயிரில் நோய் மிகக் குறைவு. இது எப்படி என்று வியந்தார். படிக்காதவர்கள் என்று மற்ற அதிகாரிகள் அலட்சியம் செய்த அந்த விவசாயிகளையும், பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். பூச்சி வந்தால் அதைக் கொல்வதோடு வேலை முடியவில்லை. எந்தக் குறையைக் காட்ட அது வந்தது என்று மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மண் அரிப்பு அவரை மிகவும் கவலைப்பட வைத்தது. பருவமழையில் மேல்மண் கரைந்து ஓடிவிட்டால், எந்த உரத்தைப் போட்டு என்ன பயன்? வயல்களைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையே வடிகால் வெட்டி, ஓரங்களில் புல் வளர்த்தார். புல் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. மழைநீர் மெதுவாக வடிந்தது. மண் வயலிலேயே தங்கியது. நீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டிச் சாகும், மண்ணுக்குள்ளும் காற்று புக வேண்டும் என்று அவரும் கேப்ரியலும் சேர்ந்து எழுதினார்கள்.

கணவனும் மனைவியும் உருவாக்கிய கோதுமை ரகங்கள் வட இந்தியா எங்கும் பரவின. "பூசா 4", "பூசா 12" என்ற பெயர்கள் அக்காலத்துக் கோதுமை விவசாயிகளுக்கு மிகவும் பழக்கம்.

மாடுகள் சொன்ன பாடம்

நிலம் கிடைத்தது, மாடு? அதற்கும் போராட வேண்டியிருந்தது. பயிர் விஞ்ஞானிக்கு எதற்கு மாடு என்பது மேலிடத்தின் வாதம். கடைசியில் ஆறு ஜோடி உழவு மாடுகள் கிடைத்தன.

நல்ல மண்ணில் விளைந்த பசுந்தீவனத்தை அவற்றுக்குப் போட்டார். தடுப்பூசி எதுவும் போடவில்லை. பக்கத்துத் தொழுவத்து மாடுகளுக்குக் கோமாரி நோய் கண்டது. ஹோவர்டின் மாடுகள் வேலி ஓரம் நின்று அந்த மாடுகளோடு மூக்கு உரசின. ஆனாலும் இவற்றுக்கு நோய் தொற்றவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

மண் நலமானால் புல் நலமாகும்; புல் நலமானால் மாடு நலமாகும்; கடைசியில் மனிதனும் நலமாவான் என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான்.

கோடைக்காலத்தில் சில ஆண்டுகள் பலுசிஸ்தானில் உள்ள குவெட்டாவிலும் ஆராய்ச்சி செய்தார். வறண்ட பூமி அது. அங்குள்ள விவசாயிகள் "ஷப்தல்" என்ற தீவனப் பயிரை வளர்த்தார்கள். அது மண்ணைப் போர்வை போல் மூடும். வேர் முடிச்சுகள் வழியே தழைச்சத்தைச் சேர்க்கும். மாட்டுக்கு வெட்டியது போக மீதியை மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். ஹோவர்டு தம்பதி அதை மற்றவர்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள். குறைந்த தண்ணீரில் கோதுமை விளைவிக்கவும், பழங்களை நசுங்காமல் பெட்டியில் அடைத்து ரெயிலில் அனுப்பவும் வழி கண்டார்கள்.

இந்தூரில் புது நிலையம்

பூசாவில் ஒரு சங்கடம் இருந்தது. பயிருக்கு ஒரு பிரிவு, பூச்சிக்கு ஒரு பிரிவு, மண்ணுக்கு ஒரு பிரிவு என்று ஆளுக்கொரு வேலி போட்டுக்கொண்டு ஆராய்ந்தார்கள். வயலில் நிற்கும் பயிர் அப்படிப் பிரிந்து நிற்கவில்லையே! ஒருவர் எல்லையில் இன்னொருவர் கால் வைத்தால் மனக்கசப்பு.

1924-ல் ஹோவர்டு அங்கிருந்து விலகி, மத்திய இந்தியாவில் இந்தூருக்குச் சென்றார். பருத்திக் கமிட்டியின் பணமும் சுதேச சமஸ்தானங்களின் ஆதரவும் கிடைத்தன. ஏறத்தாழ 300 ஏக்கரில் புதிய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அதன் டைரக்டர் அவரே.

அங்கு அவர் செய்த ஒரு காரியம் உழைக்கும் மக்கள் நினைவில் வைக்கத் தக்கது. பண்ணைத் தொழிலாளர்களுக்கு வேலை நேரத்தை நாளுக்கு ஆறு மணியாகக் குறைத்தார். கூலியைத் தவணை தவறாமல் கொடுத்தார். குடியிருக்க இடம், நோய் வந்தால் வைத்தியம் ஆகியவற்றையும் கவனித்தார். ஆள் களைத்துப்போனால் வேலை கெடும் என்பது அவர் கணக்கு.

இந்தூர் முறை என்ன?

அக்காலத்தில் நம் கிராமங்களில் சாணத்தின் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்பில் எரிந்துவிட்டது. மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சச் சாணத்தைக் கொண்டு நிறைய உரம் செய்ய முடியுமா? சீன விவசாயிகள் நூற்றாண்டுக் கணக்காக எல்லாக் கழிவையும் மண்ணுக்குத் திருப்பித் தருவதைப் பற்றி ஹோவர்டு படித்திருந்தார். அந்த அனுபவத்தையும் இந்திய விவசாயிகளின் எருக்குழியையும் இணைத்து ஆராய்ந்தார். துணை நின்றவர் யஷ்வந்த் வாட் என்ற இந்திய விஞ்ஞானி.

முறை எளிது. பருத்திமார், சோகை, களை, சருகு எல்லாவற்றையும் சேர்த்து முதலில் மாட்டுக்குப் படுக்கையாகப் போடவேண்டும். மூத்திரத்தில் ஊறி அவை மிருதுவாகும். பிறகு 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள குழியில் அடுக்க வேண்டும். தாவரக் கழிவு மூன்று பங்கு என்றால் மாட்டுக் கழிவு ஒரு பங்கு. கூடவே மூத்திரம் ஊறிய தொழுவத்து மண், மரச்சாம்பல், கொஞ்சம் பழைய எரு. தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆனால் தேங்கவிடக் கூடாது. மழைக்காலத்தில் குழி வேண்டாம். தரைமேல் குவித்தால் போதும்.

குவியல் உள்ளே கொதிக்கும். அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் அழியும். மூன்று முறை கிளறிக் காற்றுப் படவிட்டால், மூன்று மாதத்தில் கறுப்பாக, உதிரியாக, நாற்றமில்லாத எரு தயார்.

சருகை அப்படியே வயலில் போட்டு உழுதால் என்ன? அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள், பயிருக்குச் சேரவேண்டிய தழைச்சத்தை முதலில் தின்றுவிடும். பயிர் மஞ்சளித்துப் போகும். அந்த வேலையைக் குழியிலேயே முடித்துவிட்டால், பயிருக்குத் தொல்லை இல்லை. இதுதான் இந்தூர் முறையின் சூட்சுமம்.

1931-ல் ஹோவர்டும் வாடும் சேர்ந்து இதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். 1935-ல் இந்தூர் வந்த மகாத்மா காந்தி இந்த உரக்குழிகளை நேரில் பார்த்தார். தமது "ஹரிஜன்" பத்திரிகையிலும் இம்முறையை எடுத்துச் சொன்னார்.

துணையை இழந்தார்

புத்தகம் வெளிவருமுன்பே பேரிடி விழுந்தது. 1930-ல் கேப்ரியல் காலமானார். 25 ஆண்டுகள் வீட்டிலும் வயலிலும் இணைந்து உழைத்த துணை போய்விட்டது. மறு ஆண்டு ஹோவர்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

கேப்ரியலின் தங்கை லூயிஸ், ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்தில் விவசாயப் பிரிவில் பணியாற்றியவர். 1931-ல் ஹோவர்டு அவரை மணந்தார். ஹோவர்டின் இந்திய வாழ்க்கை பற்றி 1953-ல் நூல் எழுதியவர் இந்த லூயிஸ்தான்.

1934-ல் ஹோவர்டுக்கு "சர்" பட்டம் கிடைத்தது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியா, இலங்கை தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். இலங்கைத் தோட்டங்களில் தேயிலை வளர்த்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள். அங்கே தேயிலை வேரில் ஒட்டி வாழும் பூஞ்சை இழைகளை ஹோவர்டு ஆராய்ந்தார். மக்கிய எருவில் அந்த இழைகள் செழித்து, வேருக்கு உணவு ஊட்டுகின்றன என்று சொன்னார்.

1940-ல் வெளிவந்த "விவசாய சாசனம்" என்ற பொருள்படும் அவரது ஆங்கில நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று ரசாயன உப்புகளைப் போட்டால் கடமை முடிந்தது என்று எண்ணக் கூடாது என்று அதில் வாதாடினார். விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

1947-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி ஹோவர்டு காலமானார். இந்தியா சுதந்திரம் பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பெங்களூரு வழி

ஹோவர்டு சொன்ன எல்லாமே நிரூபணமாகிவிட்டது என்று கூற முடியாது. எருவிட்ட மண்ணின் விளைச்சலை உண்டால் நோயே வராது என்ற அளவுக்கு அவர் போனதை விஞ்ஞானம் ஏற்கவில்லை. பசுமைப் புரட்சியில் ரசாயன உரத்தின் பங்கையும் மறுக்க முடியாது. ஆனால் மண் என்பது வெறும் தூள் அல்ல, கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழும் இடம். அவற்றுக்கு உணவு மக்கிய பொருளே என்று அவர் சொன்னதை இன்று மறுப்பவர் இல்லை.

இந்தப் பரம்பரையில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி.என். ஆச்சார்யா 1939-ல் இன்னொரு முறையை வகுத்தார். நகரக் குப்பையைக் குழியில் அடுக்கி, மேலே மண் பூசி மூடிவிட வேண்டும். கிளற வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு மாதத்தில் எரு கிடைக்கும். இது "பெங்களூரு முறை" என்று பெயர் பெற்றது. வேளாண்மைப் பாடப் புத்தகங்களில் இந்தூரும் பெங்களூரும் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஆள் கூலி அதிகம், அவசரமும் இல்லை என்றால் பெங்களூரு முறை. சீக்கிரம் எரு வேண்டும், கிளற ஆள் உண்டு என்றால் இந்தூர் முறை. ஊரில் காணி நிலம் வைத்திருப்பவர்கள் இதில் எதையும் செலவில்லாமல் செய்து பார்க்கலாம்.

தொழுவத்து மண்ணை அள்ளிக் குழியில் போடும் விவசாயிக்கு ஹோவர்டின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த வித்தையின் பாதியை ஹோவர்டு கற்றதே அந்த விவசாயியின் பாட்டன், பூட்டனிடம்தான். வாங்கியதை அளந்து, சோதித்து, வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் அவர்.