காஞ்சி டு சீனா: புயலில் தப்பிய வஜ்ரபோதி

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போனா, கைலாசநாதர் கோயிலையும் எட்டிப் பாருங்க. அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் காலத்தில் காஞ்சியில் இருந்தவர் வஜ்ரபோதி. நாளந்தாவில் படித்த பௌத்தத் துறவி.

நாற்பது வயதைத் தாண்டியபிறகு சீனாவுக்குக் கிளம்பினார். இலங்கையிலிருந்து 30-க்கும் மேற்பட்ட பாரசீக வணிகக் கப்பல்களோடு பயணம். அந்தக் காலத்து பாரசீக, அரபுக் கப்பல்கள்ல பலகைகளை ஆணி அடிச்சு இணைக்க மாட்டாங்க தெரியுமா? துளை போட்டு, கயிற்றால் தைப்பாங்க. அலை மோதினா கப்பல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனா கயிறு இத்துப்போனா தண்ணி உள்ளே வந்துடும், இறைச்சுக்கிட்டே போகணும்.

சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஐந்து மாதம் தங்கல். சீனாவை நெருங்கும்போது புயல். இவர் இருந்த கப்பல் மட்டும்தான் தப்பியது என்கின்றன சீனக் குறிப்புகள். அவர் ஓதிய மந்திரமே காப்பாற்றியதாம். ரேடியோவும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாத கடல்ல, மனசைப் பிடிச்சு நிறுத்த வேற என்ன இருந்தது?

கி.பி. 720 வாக்கில் சீனத் தலைநகரை அடைந்தார். நூல்களை மொழிபெயர்த்தார், சீடர்களை உருவாக்கினார், 741-ல் அங்கேயே மறைந்தார். ஜப்பானின் ஷிங்கோன் பௌத்தர்கள் இன்னைக்கும் அவரைத் தங்கள் குருபரம்பரையில் வைத்து வணங்குறாங்க. அந்தக் கப்பலோட தையல் விட்டிருந்தா, அந்தப் பரம்பரையில் இவர் பேரே இருந்திருக்காது.