ஜிபிஎஸ்ஸுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த ஜான் ஹாரிசன்?

காருக்கு ஜிபிஎஸ் கருவி வாங்கப் போனால், திரை எவ்வளவு பெரிசு, மேப் எவ்வளவு புதுசு என்றுதான் முதலில் கேட்போம். ஆனால் அந்தக் கருவி நம் இடத்தைக் கண்டுபிடிப்பது நேரத்தை வைத்துத்தான். செயற்கைக்கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்களின் சிக்னல் வந்துசேர ஆகும் நேரமே அதன் கணக்கு. நேரம் சரியாகத் தெரிந்தால் இடம் தெரியும் என்பதை, கையில் பிடிக்கும் கருவியால் கடலில் செய்து காட்டியவர் ஜான் ஹாரிசன்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

1693இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். அவரும் தச்சு வேலைதான் பார்த்தார். கடிகாரம் செய்வதைத் தானாகவே கற்றுக்கொண்டு, 20 வயதில் மரத்தாலேயே கடிகாரம் செய்தார்.

கடலில் என்ன சிக்கல்?

வடக்கு, தெற்காக எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைச் சூரியனைப் பார்த்தே மாலுமிகள் சொல்லிவிடுவார்கள். கிழக்கு, மேற்குதான் குழப்பம். 1707இல் பிரிட்டனின் 4 போர்க்கப்பல்கள் வழி தவறி, சில்லி தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீர்வு சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என 1714இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. கப்பலில் உச்சிவேளை ஆகும்போது, புறப்பட்ட ஊரில் மணி என்ன என்று தெரிந்தால் போதும், தீர்க்கரேகை கிடைத்துவிடும். ஆனால் ஆடும் கப்பலில் பெண்டுலம் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. 2 நிமிடம் தப்பினால், நிலநடுக்கோட்டுப் பக்கம் சுமார் 55 கிலோமீட்டர் தப்பிவிடும்.

பெரிசா, சின்னதா?

1735இல் ஹாரிசன் முடித்த முதல் கடல் கடிகாரத்தின் எடை சுமார் 34 கிலோ. லிஸ்பன் பயணத்தில் அது நன்றாகவே ஓடியது. அவருக்குத்தான் திருப்தி இல்லை. இரண்டாவது செய்தார். மூன்றாவதுக்கு மட்டும் கிட்டத்தட்ட 19 வருடம் செலவழித்தார். பிறகு அந்தப் பாதையையே விட்டுவிட்டு, 1759இல் வெறும் 13 சென்டிமீட்டர் அகலத்தில் நான்காவதை முடித்தார். பார்க்கப் பெரிய பாக்கெட் கடிகாரம் போல இருக்கும். அதன் சக்கரம் வேகமாக அசைவதால், கப்பலின் ஆட்டம் அதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

பரிசு கிடைத்ததா?

1761இல் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். போய்ச் சேரும்போது பிழை சுமார் 5 விநாடிதான். அது அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்றது தீர்க்கரேகை வாரியம். 1764இல் பார்படாஸ் பயணத்திலும் சட்டம் கேட்டதைவிட மூன்று மடங்கு துல்லியம். அப்போதும் முழுப் பணம் வரவில்லை. கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி விளக்கிய பிறகே, பரிசின் பாதி கைக்கு வந்தது. நிலவின் நிலையைப் பார்த்துக் கணக்குப் போடும் முறையை ஆதரித்த வானியலாளர் நெவில் மாஸ்கலினும் வாரியத்தில் இருந்தார். அந்தக் கணக்குக்கு மணிக்கணக்கில் நேரமாகும்.

மற்றவர்களாலும் இதைச் செய்ய முடியுமா என்ற வாரியத்தின் கேள்வி மட்டும் நியாயமானது. லார்கம் கெண்டால் செய்த நகலே அதற்குப் பதில். கேப்டன் குக் தன் இரண்டாவது பயணத்தில் அதை நம்பிக் கடல் கடந்தார்.

கடைசியில் ஹாரிசன் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டார். ஐந்தாவது கடிகாரத்தை மன்னரே சோதித்துப் பார்த்தார். 1773இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. அப்போது ஹாரிசனுக்கு வயது 80. மூன்றே வருடத்தில், 1776இல் காலமானார்.

இன்று கருவி வாங்குவோருக்கு?

கடை மேசையில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். குலுங்கும் வண்டியில், வெயிலில் கொதிக்கும் டேஷ்போர்டில், மொபைல் சிக்னலே இல்லாத மலைப்பாதையில் வேலை செய்கிறதா என்பதே கேள்வி. மேப் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கரையில் சரியாக ஓடினால் போதும் என்று நினைத்திருந்தால், ஹாரிசன் தன் இளமையிலேயே வேலையை முடித்திருப்பார்.